பிளக் யார் கையில்

பென்னலூர்
12.10.2014

அன்பு மகள் ஐஸ்வர்யாவுக்கு அம்மா அம்சவல்லி எழுதுவது. இங்கே நானும், மாடி ரூமில் வாடகைக்கு இருக்கிற பேச்சியும், வாசலில் படுத்துக்கொண்டு போகிற ஷேர் ஆட்டோவையெல்லாம் பார்த்துக் குரைக்கிற கறுப்பனும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறேன். இரண்டு பேரும் என்பதற்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். போனில் எதைச் சொன்னாலும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். மாப்பிள்ளையோடு வேலை செய்கிற சக்திகுமார் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஹங்கேரிக்குத் திரும்புகிறானாம், அவன் பெட்டியில் பருப்புப்பொடி, வத்தக்குழம்புப் பொடி, முறுக்கு, இந்தக் கடிதம் எல்லாம் வருகிறது. முறுக்கு தூளாகித்தான் வரும், அவனைத் திட்டாதே.

ஊரில் விசேஷம் ஒன்றும் பெரிதாக இல்லை. நீ வேலை பார்த்த போன் கம்பெனியில் லைன் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள், தெற்கத்திப் பிள்ளைகள் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள், தெருவில் எந்த வீட்டுக் கதவைப் பார்த்தாலும் ரூம் காலி என்று எழுதி ஒட்டியிருக்கிறது. பேச்சி மட்டும் ஒரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்துகொண்டு இங்கேயே இருக்கிறாள், நல்ல பெண், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்கும் சேர்த்து டீ போடுவாள். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதற்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்பக்கத்து பிளம்ஸ் மரம் காற்றில் சாய்ந்துவிட்டது, வீட்டுக்கார அம்மா அறுத்து அடுப்புக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னாள், கரண்டு ரம்பம் ஒன்று வாங்கிவிட்டேன், பெட்டி இன்னும் பிரிக்கவில்லை என்றெல்லாம் சொன்னாய். அதுவரை சரி. அவரை ஒண்ணும் கேக்க மாட்டேன், நானே அறுத்துக்கிறேன் என்றாய் பார், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. முன்பெல்லாம் நான் அலோ சொல்வதற்குள் மாப்பிள்ளை உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, அத்தே நல்லா இருக்கியளா, சாப்ட்டியளா என்று ஆரம்பித்துவிடுவார். இப்போது கொஞ்ச நாளாக ஆள் சத்தமே இல்லை. கேட்டால் ஷிப்ட் என்கிறாய். எந்தக் கம்பெனியில் ஒரு மனுஷனுக்கு நான் போன் பண்ணும்போதெல்லாம் ஷிப்ட் போடுகிறார்கள்? என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் சமாச்சாரம். ஆனால் கோபத்தோடு தனியாக நின்று அந்த ரம்பத்தைத் தொடப்போகிறாய் என்பது என் சமாச்சாரம்.

அப்பா முதல் முதலாகக் கரண்டு ரம்பம் வாங்கி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கம்பெனிகளுக்கு வெளிநாட்டு மெஷின் வந்து இறங்குமே, அந்த மரப்பெட்டிகளை எடுத்து வந்து பக்கத்து மனையில் கொட்டி, பலகையாகத் தேறுவதை ஒரு பக்கமும் மெஸ்காரர்களுக்கு விறகாகப் போவதை ஒரு பக்கமுமாகப் பிரிப்பார். கைரம்பத்தால் அறுத்து அறுத்துத் தோள் இறங்கிப்போய், பாரிமுனைக்குப் போய் அந்த ஆரஞ்சு கலர் ரம்பத்தை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெட்டி மரத்தை அறுக்கும்போது ஒரு வாசனை வருமே, சூடத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவில், உன் யூனிபார்ம், என் தலைமுடி, கொதிக்கிற சாம்பார் எல்லாவற்றிலும் அதே வாசனைதான் அடிக்கும். அப்போது சலித்துக்கொள்வேன். இன்றைக்கு வல்லம் பக்கம் பஸ்ஸில் போகும்போது எங்கேயாவது அந்த வாசனை வந்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாமா என்று இருக்கிறது.

அப்பாவுக்கு ரம்ப விஷயத்தில் ஒரு சட்டம் இருந்தது. பல் வைத்து ஓடுகிற அந்தச் செயினைத் தொட வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிடுவார். நான் அதை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாதா, நான் அடுப்பைப் பார்க்க வேண்டாமா என்று ஒருநாள் கேட்டேன். சுவிட்சை எவன் வேணா வந்து தட்டுவான், ப்ளக்கு உன் கையில கீதுன்னா எனக்கு பயம் இல்ல என்றார். செயினில் விரலை வைப்பதற்கு முன்னால் தலையைத் தூக்காமலே, ப்ளக்கு யார் கையில என்பார். என் கையில என்று நான் சொல்ல வேண்டும். எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாலும் கேட்பார், நானும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் விரல் செயினுக்குப் போகும். தெருவில் எல்லாரும் கேலி செய்வார்கள். இத்தனை வருஷம் ரம்பத்தோடு இருந்தவருக்கு, மாரடைப்பில் போகும்போது பத்து விரலும் முழுசாக இருந்தது.

பெட்டியைப் பிரித்ததும் அவசரப்பட்டு மாட்டிவிடாதே. கையில் தடித்த உறை போட்டுக்கொள், ஓடாத செயினும் கிழிக்கும். செயின் சுற்றி ஓடுகிற நீட்டுப் பட்டை இருக்குமே, அதன் மேல்பக்கத்தில் செயின் பல் எல்லாம் உன்னை விட்டு முனையைப் பார்த்து இருக்க வேண்டும். அப்பாவே முதல் நாள் தலைகீழாக மாட்டிவிட்டு, மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் புகை வரவழைத்து, கடைக்காரன் ஏமாத்திட்டான் என்று பாரிமுனைக்கே திரும்பக் கிளம்பினார். செயினை ரொம்ப முறுக்கவும் கூடாது, தொளதொளவென்று விடவும் கூடாது. நடுவில் பிடித்துக் கொஞ்சம் தூக்கினால் எழும்பி, விட்டதும் டப்பென்று பட்டையில் போய் உட்கார வேண்டும், உறை போட்ட கையால் இழுத்தால் சிக்காமல் ஓட வேண்டும். புதுச் செயின் ஓட ஓட நீளும், அதனால் முதல் நாள் அடிக்கடி நிறுத்திப் பார்க்க வேண்டும், ஆறின பிறகுதான் முறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. கரண்டு ரம்பம்தானே, எண்ணெய் எதற்கு என்று இருந்துவிடாதே, பெட்ரோல்தான் வேண்டாம், செயினுக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் ஊற்றி, முனையை ஓர் அட்டைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓட்டினால், அட்டையில் கோடு மாதிரி எண்ணெய் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் அறுக்காதே. இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, உனக்கு இதுவரை தெரியாது.

நீ பிளஸ் டூ முடித்து போன் கம்பெனியில் சேர்ந்தாயே, அந்த வருஷம் ஆடியிலிருந்து நானும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை. உன்னால்தான். வயசுப் பெண்ணை ராத்திரி ஷிப்ட்டுக்கு பஸ் ஏற்ற மாட்டேன் என்று நான் நின்றேன், எம் பொண்ணு போவா, நான் கையெழுத்துப் போட்டாச்சு என்று அவர் நின்றார். நீ விடியற்காலையில் வந்து மத்தியானம் வரை தூங்கிவிட்டுத் திரும்பவும் கிளம்பிவிடுவாய், வீடு ஊமையாகக் கிடந்தது உனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு நான் நகர்ந்துவிடுவேன், அவர் சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பார். ஆனால் வேலை நிற்குமா. பிளக்கை நீட்டுவார், வாங்கிச் செருகிக்கொள்வேன். ப்ளக்கு யார் கையில. என் கையில. நாள் முழுக்க எங்களுக்குள் அந்தப் பேச்சு மட்டும்தான். மூஞ்சியை எங்கேயோ வைத்துக்கொண்டு கேட்பார், நானும் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்வேன், ஆனால் ஒருநாளும் அவர் கேட்காமல் விட்டதில்லை, நான் சொல்லாமல் இருந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக அரிவாள்மனையிலிருந்து தராசு வரைக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைப்பேன். அந்த வருஷம் என்னைக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ரம்பத்தைக் கழற்றித் துடைத்து, அவரே சந்தனத்தைக் குழைத்து, பெருவிரலால் அள்ளி அள்ளி அப்பியிருக்கிறார். பட்டைக்குக் கீழே எண்ணெய் வருகிற சின்ன ஓட்டை இருக்கும், அதன் மேலேயும் ஒரு பெரிய பொட்டு. பூஜை முடிந்து மறுநாள் மறுபடி மாட்டி அறுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கருகின வாடை, பட்டை நீலம் பாரித்துவிட்டது, அப்படியே ஓட்டியிருந்தால் செயின் அறுந்து முகத்தில் அடித்திருக்கும். நிறுத்தினார். பிளக்கை நீட்டினார். ப்ளக்கு யார் கையில. என் கையில. மூடியைத் திறந்து பார்த்தால் ஓட்டையில் சந்தனம் காய்ந்து கல்லாக அடைத்திருக்கிறது. ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தார், உடைந்தது. தலையைத் தூக்கி, ஊக்கு கீதா என்று கேட்டார். அவ்வளவுதான். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். சந்தனத்தைத் தோண்டிக்கொண்டே, பொட்டு வைக்கிறதெல்லாம் உன் கை வேலை, எனக்கு இன்னா தெரியும் என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நீ தூக்கத்திலிருந்து எழுந்து வந்து என்னம்மா சத்தம் என்று கேட்டாய், ஒன்றுமில்லை போய்த் தூங்கு என்றோம். அன்றைக்குச் சாயங்காலம் உன்னை பஸ் ஏற்றிவிட அவரோடு நானும் வந்தேன். அந்த பஸ்ஸில்தான் பின்னால் மாப்பிள்ளையும் ஏறினார் என்று பிறகு தெரிந்தது, அது வேறு கதை.

இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி. அந்த மரத்தில் வீட்டுக்கார அம்மா துணிக்கொடி கட்ட ஆணி அடித்திருப்பாள், அறுக்கிற இடத்தைக் கையால் தடவிப் பார். அப்பா ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிப் பலகை பலகையாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ரம்பம் வைப்பார். கட்டையைத் தரையில் போட்டு அறுக்காதே, மண் பட்டால் பல் மழுங்கிவிடும், ஏதாவது முட்டுக் கொடுத்துத் தூக்கி வை. பட்டையின் மூக்கு எதிலும் முட்டக் கூடாது, முட்டினால் ரம்பம் எகிறி உன் மேலேயே வரும், அதனால் நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நின்று, இரண்டு கையாலும் கட்டைவிரலை மடக்கி இறுக்கிப் பிடி. தோளுக்கு மேலே தூக்காதே. வளைந்து விறைத்து நிற்கிற கிளையைத் தொடாதே, வெட்டினதும் விசிறி அடிக்கும், அதற்கு அங்கே ஆள் கிடைத்தால் கூப்பிடு. ஒயர் எப்போதும் உனக்குப் பின்னால் கிடக்கட்டும், தரை ஈரமாக இருந்தால் வேலையே வேண்டாம். குளிருக்குக் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு போட்டோ அனுப்பினாயே, அதைக் கழற்றிவிட்டுப் போ, தலைமுடியைக் கொண்டை போட்டுக் கட்டு. மரம் செதில் செதிலாக வந்தால் பல் நன்றாக இருக்கிறது, மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது, உருண்டை அரத்தால் எல்லாப் பல்லுக்கும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும். முடிந்ததும் தூசியைத் துடைத்து, செயினைக் கொஞ்சம் தளர்த்தி, அடியில் அட்டை போட்டு வை, எண்ணெய் கசியும்.

அப்பா போன பிறகு இது இரண்டாவது ஆயுத பூஜை. போன வருஷம் ரம்பத்தைப் பார்க்கவே மனசு வரவில்லை. இந்த வருஷம் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன், சந்தனத்தைச் சுண்டுவிரலால் மேல் மூடியில் மட்டும் தொட்டு வைத்தேன். செயினைத் துடைக்கப் போகும்போது கை தானாக பிளக்கை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டது. செருகிக்கொண்டு நின்றேன். பதில் வாயில் தயாராக இருந்தது, ஐசு, கேட்கத்தான் ஆள் இல்லை. பேச்சி மாடியிலிருந்து இறங்கி வந்து, ஏம்மா அழுவுதிய என்று கேட்டாள். சந்தனம் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். உன்னிடம் எதற்குப் பொய், அழுதேன்.

அதனால் அந்தப் பெட்டியைத் தனியாகப் பிரிக்காதே. மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துப் பிரி. வேறு எதுவும் பேச வேண்டாம், மன்னிப்பு யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம், சண்டையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. பிளக்கை மட்டும் அவர் கையில் கொடு. பிளக் யார் கையில என்று கேள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாலும் பரவாயில்லை. அவர் என் கையில என்று சொன்ன பிறகு செயினைத் தொடு. சொல்லவில்லை என்றால் தொடாதே, சொல்கிற வரைக்கும் கேள்.

இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடும் ஆளுக்குப் பத்து விரலோடும் நன்றாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
க. அம்சவல்லி

பொடி டப்பாவுக்கு அடியில் ஒரு கொத்து ஊக்கு வைத்திருக்கிறேன். ஒன்றை எடுத்து வளையலில் மாட்டிக்கொள். அவர் கேட்டால் கழற்றிக் கொடு.