ஜனவரியில் என்கூட வா

மதுரை
12 அக்டோபர் 2004

என் மாப்ளைக்கு,

கோயம்புத்தூர்ல மழை எப்படி? போன மாசம் நீ ஊருக்கு வந்தப்ப, தலைவலின்னு சொல்லி உன்கிட்ட நெருங்காமலே இருந்தேன். தலைவலி ஒண்ணுமில்ல. உனக்கு எதுவும் ஆயிரக் கூடாதுன்னு பயம்.

நீ வர்றதுக்குக் கொஞ்ச நாள் முந்தி, ஒத்தக்கடையில எனக்குப் பொண்ணு பாத்து, தேதியும் குறிச்சுட்டாங்க. அப்ப ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இல்ல. அந்த வாரந்தான் பஸ் ஸ்டாண்டுல பாத்த ஒருத்தன்கூடப் போனேன். ஆசையில போகலடா. தலைக்குள்ள ஓடுறது கொஞ்ச நேரமாச்சும் நிக்காதான்னு போனேன். உன்கூட ஒரு தடவைகூட ஆணுறை இல்லாம இருந்ததில்ல. அன்னைக்கு அந்த நெனப்பே வரல.

அப்புறம் ஆஸ்பத்திரியில எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்தேன். அங்க ஆலோசகர் பிருந்தா மேடம் திட்டுவாங்கன்னு பயந்தேன். "அந்த வாரம் தூங்குனீங்களா தம்பி?"ன்னுதான் கேட்டாங்க. இம்புட்டு நாளும் யாரும் அதைக் கேக்கல. அங்கேயே அழுதுட்டேன்.

இப்போதைக்கு ஒண்ணுமில்லன்னு வந்திருக்கு. சில சமயம் மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியுமாம், அதனால ஜனவரியில மறுபடி பாக்கணுமாம்.

கல்யாணம் வேண்டாம்னு வீட்டுல சொல்லிட்டேன். அம்மா முகங்கொடுத்துப் பேசுறதில்ல. ஆனா சட்டையை மட்டும் தேச்சு வச்சிடுறாங்க.

நீ எம்புட்டு வேணாலும் திட்டு. ஆனா ஜனவரியில கூட வா. "துணைக்கு யாராச்சும் வருவாங்களா?"ன்னு மேடம் கேட்டாங்க. உன் பேரைச் சொன்னேன். "ஃப்ரெண்டா?"ன்னாங்க.

"இல்ல மேடம், என் ஆளு"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்டா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன்னவன்