கொண்டுபோகாத பரிசுகள்

லண்டன், 2009 மே 19, செவ்வாய்

இண்டைக்கு மியூசியத்தில் எனக்குப் பட்டுப்பாதைக் கூடத்தில் காவல். வழிகாட்டி சனத்துக்கு ஒரு தூதுவனின்ரை கதை சொன்னாள். அவன் பாலைவனம் தாண்டிச் சீனா போய்ச் சேர்ந்தானாம். அங்கத்தை ராசா அவன்ரை அரசனுக்கெண்டு பரிசுகள் குடுத்துவிட்டானாம். திரும்ப வெளிக்கிடேக்கை, அவனை அனுப்பின நாடே இப்ப இல்லையெண்டு சேதி வந்ததாம்.

"அப்ப அந்தப் பரிசுகளை என்ன செய்தான்?" எண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவி கேட்டா.

"அது ஒருத்தருக்கும் தெரியாது" எண்டு சிரிச்சுப்போட்டு வழிகாட்டி அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள். இதிலை சிரிக்க என்ன கிடக்கு?

ட்ராம் வண்டியாலை இறங்கி வீட்டை வந்தால் கதவடியில் அந்தச் சூட்கேஸ். வன்னியில் இருக்கிற தங்கச்சிக்கும் அவளின்ரை பிள்ளையளுக்கும் கொண்டுபோக வாங்கின உடுப்பு, காலுக்குப் போடுற சப்பாத்து எல்லாம் அதுக்குள்ளை. அங்கை சண்டை முடிஞ்சுபோச்செண்டு ரேடியோவில் சொல்லுறாங்கள்; மாசக்கணக்காய் அவையிட்டை இருந்து ஒரு கதையும் இல்லை.

"இஞ்சேருங்கோ, இதை மேலை தூக்கி வைக்கட்டோ?" எண்டு என்ரை மனுசி கேட்டாள்.

"அதிலை கை வைக்காதை!" எண்டு கத்திப்போட்டன்.

அவள் சூட்கேஸை விட்டு விலகினாள். பிறகு மெல்லமாய், "சப்பாத்துகளையாவது மாத்த வேணும். பிள்ளையள் வளர்ந்திருப்பினம்" எண்டாள்.

வளர்ந்திருப்பினம் எண்டுதான் சொன்னாள்.