எந்தக் காது என்று கேட்டேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்காலும் என் வாயும் எப்போதும்போல வேலை செய்கின்றன, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற தைரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எதற்குக் கடிதம், போன் பண்ணலாமே என்பாய். போனில் நீ மறந்துபோய் இடது காதில் வைத்துவிட்டு, பிறகு "இரும்மா" என்று சொல்லி வலது பக்கம் மாற்றிக்கொள்கிறாயே, அந்த ஒரு நொடியில் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. அப்புறம் சொல்ல வந்தது பாதி மறந்துவிடும். இது ஒன்றுகூட விட்டுப்போகாமல் சொல்ல வேண்டிய விஷயம்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று போக்குக் காட்டுகிறான், அப்பா அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு ரிப்பேர் முடிந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு நர்ஸுக்கு நீ இருக்கும் பக்கம் வேலை கிடைத்திருக்கிறதாம், உன் முகவரி கேட்டாள், கொடுத்தேன். இன்னொருவனும் உன் முகவரி கேட்டான், அவனுக்குக் கொடுக்கவில்லை. உன்னைக் கட்டியிருந்தவன்தான், துரை. பதறாதே, முழுசாகப் படி.

பஸ் டெப்போவுக்குப் பின்னால் மரச்சாமான் கிடங்கு ஒன்று பூட்டிக் கிடந்ததே, அதை ஒரு சபைக்காரர்கள் எடுத்துக் குடியை விட வருகிறவர்களுக்கு விடுதி நடத்துகிறார்கள். காலையும் மாலையும் ஜெபம், நடுவில் வேலை. வேலை என்றால் முன்பக்கம் இருக்கும் பழைய சாமான் கடைதான். ஊரார் வேண்டாம் என்று கொண்டுவந்து போடும் துணி, பாத்திரம், நாற்காலி, செருப்பு எல்லாவற்றையும் விடுதியில் இருப்பவர்களே பிரித்து, துவைத்து, தேய்த்து, விலைச்சீட்டு கட்டி விற்கிறார்கள், அந்த வருமானத்தில் விடுதி ஓடுகிறது. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. அப்பாவின் கிழிந்த சாய்வு நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பின்வாசலில் நின்றேன், இறக்கிக்கொள்ள வந்தவன் துரை. பச்சை ஏப்ரன், ஒட்டிய கன்னம். "அத்தை" என்றான். அத்தையாம். பார்த்து இறக்கு, ஒரு கால் ஆடும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருப்பேன், அப்பாதான் அவள் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள், விட்டுவிடு என்றார். உன்னிடம் சொல்வதை விட்டேன், அவனை விடவில்லை.

கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை அவன் நம் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான் இல்லையா, அதை மறு வாரமே கொண்டுபோய்க் கடைக்குக் கொடுத்தேன். அவனே அதை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தான், அவனே அதற்குச் சீட்டு கட்டினான், அவனே கொண்டுபோய் மாட்டினான், நான் பக்கத்தில் நின்று போர்வை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் ஒரு வழக்கம், வாரத்துக்கு ஒரு நிறச் சீட்டு, நிறம் பழசாகிவிட்டால் பாதி விலை, அதற்கும் போகாததைக் கந்தல் மூட்டையில் திணித்துவிடுவார்கள். வாராவாரம் போய்ப் பார்த்தேன். அந்தக் கோட்டை எடுத்துப் பார்க்கக்கூட ஆளில்லை. கந்தலுக்குப் போன அன்று மூட்டையோடு வாங்கி வந்துவிட்டேன். இப்போது அது நம் வீட்டு வாசலில் மிதியடி. அப்பா மட்டும் அதை மிதிக்க மனசு வராமல், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தாண்டித் தாண்டி உள்ளே வந்தார்.

அந்த மிதியடியில் செருப்பைத் துடைத்துக்கொண்டுதான் விடுதிப் போதகர் ஒருநாள் வந்தார். தங்கமான மனிதர், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவார். அங்கே ஒரு விதி இருக்கிறது. வெளியே போவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் தான் கெடுத்த வீட்டிலிருந்து ஒருவரையாவது ஜெபக்கூடத்துக்கு அழைத்து வர வேண்டும், எல்லார் முன்னாலும் தான் செய்ததைச் சொல்ல வேண்டும், வந்தவர் அவன் தோளில் கை வைத்து மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் வேலைக்குச் சிபாரிசு செய்து அனுப்புவார்கள். துரைக்கு மருந்துக் கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை காத்திருந்தது, அழைத்து வரத்தான் ஆளில்லை. உன் முகவரியைக் கேட்டுப் பார்த்தார்கள், அந்தப் பேச்சே எடுக்காதீர்கள் என்றேன். அப்படியானால் நீங்களாவது வாருங்கள் என்றார். வருஷக்கணக்கில் மின்கட்டணக் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்வது எனக்குக் கைவந்த கலை. அவரும் அடுத்த வாரம் வந்தார், நானும் அடுத்த வாரம் என்றேன். அவன் அங்கே அடைபட்டுக் கிடக்கிறான், சாவி என் வாயில் இருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்குச் சாப்பாடு ருசித்தது. மறைப்பானேன்.

அப்பாதான் கெடுத்தார். கடைக்குப் போய் வேண்டாத கோப்பையாக வாங்கி வருவார், பாவம், இளைத்துவிட்டான் என்பார். ஒருநாள், "நெஜமாவே மாறியிருந்தான்னா நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டார். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன், அவன் கண்ணாடிக் கிண்ணங்களைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நம் வீட்டில் இருந்தபோது தேநீரைச் சிந்தாமல் அவன் குடித்ததில்லை, இப்போது கை அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், மனசு கொஞ்சம் தளர்ந்துவிட்டது. வருகிறேன் என்று போதகரிடம் சொன்னேன், ஆனால் என் பங்குக்கு மட்டும்தான் மன்னிப்பேன், என் மகள் பங்கு அவளுடையது என்றும் சொன்னேன்.

போன ஞாயிறு போனோம். பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, முன்னால் ஒரு மைக், எல்லார் உடம்பிலும் அந்தக் கடைத் துணியின் சோப்பு வாசனை. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்தார். துரை நன்றாகவே பேசினான், அதில் குறை இல்லை. குடித்தது, வேலை போனது, உன் சம்பளத்தைப் பிடுங்கியது, எல்லாம் சொன்னான். கல்லாவில் உட்காரும் அம்மாள் ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள், அப்பாவும் கர்சீப்பை எடுத்துவிட்டார். நான் அவன் தோளில் கை வைத்திருந்தேன், சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது, "அவ காதுல அடிச்சிட்டேன், காது போச்சு, குடிதான் அப்படிப் பண்ண வச்சுது" என்றான். காது போச்சு என்று குடை தொலைந்த மாதிரி சொன்னான். நான், "எந்தக் காது?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். வலது கைக்காரன் எதிரே நின்று அறைந்தால் எந்தப் பக்கம் விழும் என்று யோசித்திருந்தால்கூடத் தப்பித்திருப்பான். அதற்குக்கூட அவன் மெனக்கெடவில்லை. "வலதுங்க அத்தை" என்றான். அப்பா கர்சீப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், எழுந்தார், யாரையும் பார்க்காமல் வெளியே நடந்துவிட்டார். தெருவில் போகும்போது உனக்கு வண்டிச் சத்தம் கேட்காதே என்று எப்போதும் உன் இடது பக்கமாகவே நடந்த மனிதர் இல்லையா அவர். நான் தோளிலிருந்து கையை எடுத்தேன். போதகர் மெதுவாக என்னருகில் வந்து, எந்தக் காது என்பதா அம்மா முக்கியம், மனசு திருந்தியதுதானே முக்கியம் என்றார். "அவளுக்கு முக்கியம்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

வேன் வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்துப் போதகர் வந்தார், அவன் இன்னும் கொஞ்ச காலம் விடுதியிலேயே இருக்கப்போகிறானாம், எந்தக் காது என்று சொன்னால் அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் ஒரு உதவி செய்யுங்கள், அவனைச் செருப்புப் பிரிவில் போடுங்கள் என்றேன். அங்கே செருப்பும் ஷூவும் மூட்டை மூட்டையாக ஜோடி பிரிந்து வந்து விழும், ஒவ்வொன்றுக்கும் ஜோடி தேடிச் சேர்த்துக் கட்ட வேண்டும். இடது எது வலது எது என்று பழகட்டும். அந்த நல்ல மனிதர் சிரிக்கவில்லை, ஆனால் போட்டுவிட்டார். நேற்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் துழாவிக்கொண்டிருந்தான். வயிறு குளிர்ந்தது மகளே. அம்மா இப்படியா என்று நினைத்தால் நினைத்துக்கொள். வீட்டுக்கு வந்தபோது அப்பா எனக்கு முன்னால் நடந்தார், இந்தத் தடவை மிதியடியைத் தாண்டவில்லை, நின்று இரண்டு செருப்பையும் அழுத்தித் தேய்த்துவிட்டு உள்ளே போனார்.

அவனை நீ மன்னிப்பதானால் மன்னித்துக்கொள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் எந்தக் காது என்று மட்டும் நீயாகச் சொல்லிவிடாதே. காது டாக்டரைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போடாதே. நீ யாருக்கும் பயப்படாமல், கைநிறைய வேலையும் மனசு நிறைய நிம்மதியுமாக நெடுங்காலம் வாழ வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். ஒன்று மறக்காதே, தனியாக இருக்கும் வீடு, வலது காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு தூங்காதே, யாராவது கதவைத் தட்டினால் உனக்குக் கேட்காது. இடது பக்கமாகத் திரும்பிப் படு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா