கருங்கணவாயின் இரு கணையமரங்கள்

மழை பிழையாது பெய்க. ஏழு நாட்டுக்கும் நிழலான நாரைக்கொடி ஓங்குக. மணிநகர் அரியணையில் வீற்றிருந்தருளும் பேரரசர் ஒளியரையர் திருவடிக்கும், அருவிநாட்டைப் புரந்தருளும் சிற்றரசர் நெடுங்கோவேள் திருமுன்புக்கும், கருங்கணவாய் மேல்வாயில் காவலன் சாத்தங்கீரன் தொழுது விடுத்த ஓலை. ஒரே வாசகம் இரண்டு படியாய்ச் செல்கிறது. எவர் பெயர் முன்னே நின்றாலும் மற்றவர்க்குக் குறையாகும் என்பதால், ஒரு படியில் ஒருவர் பெயரும் அடுத்த படியில் மற்றவர் பெயரும் முன்னிற்கக் காண்க.

கணவாயில் வாயில்கள் இரண்டு. மேல்வாயில் பேரரசின் காவல், கீழ்வாயில் அருவிநாட்டின் காவல். நடுவே இரண்டு அம்பு எட்டும் தூரம் வெறும் பாறை. அயல்நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வருவோர்க்கு மேல்வாயிலில் வலமணிக்கட்டில் அரக்குச் சாயத்தால் நாரைக்குறி இடுவதும், குறி பெற்றவரைத் திருப்பி அனுப்புவதோ, அவரே கேட்டாலும் திரும்ப விடுவதோ அரச துரோகம் என்பதும் பழைய வழக்கு. பதினெட்டு ஆண்டு குறியிட்டுப் பழகிய கை, ஐப்பசி முதல்நாள் காலையிலும், பஞ்சத்தில் அடிபட்டு வந்த முப்பத்தேழு பேர்க்குக் குறியிட்டது. கீழ்வாயில் திறந்திருக்கிறதா என்று ஆள்விட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பிழை சாத்தங்கீரனுடையது. வேறெவர்க்கும் அதில் பங்கில்லை.

முந்திய மாலையே கீழ்வாயில் அடைபட்டிருந்தது. தம் நாட்டு ஓலையின்றி எவரும் இறங்கலாகாது என்றும், முன்பு இவ்வழி வந்த காய்ச்சலில் மாண்ட குடிகளைப் புதைத்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் வேள் அருளியிருந்தார். எல்லை பேரரசுக்கு உரியது, வருவோரைத் தடுக்க எந்நாட்டுக்கும் உரிமையில்லை என்று மணிநகரிலிருந்து ஆணை வந்தது. இரண்டும் முறையான ஆணைகள். இரண்டிலும் முத்திரை பழுதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்று வீரர்கள் முதல்நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பும் நின்றது. இரு வாயிலிலிருந்தும் கூழும் நீரும் கொடுக்கப்பட்டன. முப்பத்தேழு பேரும் பாறைமேல் இருந்தார்கள்.

அவர்களுள் வெண்ணி என்பாள் நெஞ்சில் குளிர் இறங்கி இருமிக்கொண்டிருந்தவள். ஆறாம் நாள் மேல்வாயிலுக்கு வந்து, ஐயா இட்ட குறிதானே, ஐயாவே அழித்துவிட்டால் வந்த வழியே போய் என் தமக்கை வீட்டில் படுத்துக்கொள்வேன் என்று கேட்டாள். இடத்தான் அதிகாரம், அழிக்க அதிகாரமில்லை என்று காவலன் விடை சொன்னான். அவள் கல்லால் தேய்த்துப் பார்த்தாள். தோல் உரிந்தது, சாயம் எது, குருதி எது என்று தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலை இறந்தாள். காவலனுக்கு அழுகை வரவில்லை. வழக்கம்போல் கூழ் குடித்தான். அதை மறைக்க அவனுக்கு மனமில்லை.

அவள் குடியினர் பிணத்தைச் சுடுவோர். கணவாயில் விறகு இல்லை. மரம் என்று இருந்தவை இரும்புக் கதவுகளுக்குக் குறுக்கே இடும் கணையமரங்கள் மட்டுமே. சாத்தங்கீரன் மேல்வாயில் கணையத்தை உருவிப் பிளந்து சுமந்து வந்தான். கீழ்வாயில் காவலன் எயினன் அதைக் கண்டு, எங்கள் வேளுக்கு இதை எப்படி எழுதுவேன் என்று கேட்டான். பிறகு தன் கணையத்தையும் கொண்டுவந்து அதன்மேல் அடுக்கினான். இரண்டும் தேக்கு. நன்றாக எரிந்தன.

மற்ற முப்பத்தாறு பேரும் கீழ்வாயில் வழியே இறங்கிப் போனார்கள். கணையம் இல்லாத வாயிலில் என்ன செய்வது என்று இரண்டு ஆணையிலும் எழுதியிருக்கவில்லை. ஆதலால் எவரும் தடுக்கவில்லை.

இனி விண்ணப்பம். புதிய கணையம் எவர் காட்டு மரத்தில் வெட்டுவது என்பதை இருவரும் கலந்து எழுதியருளுக. அதுவரை வாயில் திறந்தே கிடக்கட்டும் என்று மேல்வாயில் வீரர்க்குக் கட்டளை இடப்பட்டது. காவலன் குற்றம் எந்த அவையில் விசாரிக்கத்தக்கது என்பதையும் தெரிவித்தருளுக. ஒருவர் அழைத்தால் வருவான். இருவரும் அழைத்தாலோ, எவரும் அழையாவிட்டாலோ, அவளைச் சுட்ட இடத்தில் நிற்பான். இவ்வோலையின் கீழ் இட்ட நாரைக்குறியைத் தன் வலமணிக்கட்டிலும் இட்டுக்கொண்டான். அழிக்க அதிகாரமுள்ளவர் எவரோ அவர் வந்து அழிக்க.

ஐப்பசி பத்தாம் நாள், கருங்கணவாய்.