கூறைக்குத் தபால் கூலி

குட்மேய்ஸ், லண்டன்
4 செப்டம்பர் 2009

மதிப்புக்குரிய பத்ரிநாராயணன் ஐயா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. பழைய உடுப்பு விற்கும் இணையப் பக்கத்தில் என் மகள் மயூரா உங்கள் கூறைச்சீலையைக் காட்டினாள். கீழே உங்கள் பெயரும் திருவல்லிக்கேணி விலாசமும் இருந்தன. அங்கே கேள்வி கேட்க ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டிதான் தந்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் அந்தப் பெட்டிக்குள் அடங்காது. அதுதான் தாளில் எழுதுகிறேன்.

சீலையின் விலை ஒரு பவுண். லண்டனுக்கு அனுப்பத் தபால் கூலியும் 'ஹாண்ட்லிங்'கும் எண்பத்தைந்து பவுண். இது என்ன கண்டறியாத கணக்கு ஐயா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் ஈஸ்ட் ஹாமில் அரிசி மூட்டை ஏற்றி டூட்டிங் வரைக்கும் கடை கடையாக இறக்குகிற வான்காரன். சாமான் கொண்டுபோக என்ன செல்லும் என்று எனக்கும் தெரியும். 'ஹாண்ட்லிங்' என்றால் என்ன, கையால் தொடுகிறதற்கும் காசா? விலையைக் குறைத்துக் காட்டி, மிச்சத்தைத் தபால் கூலியில் வாரிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களாம். வாங்கினவர்கள் பிறகு நட்சத்திரம் போடலாமாம். 'தபால் கூலி நியாயமா?' என்ற இடத்தில் உங்களுக்கு ஒற்றை நட்சத்திரம்தான் போடுவேன்.

இவ்வளவு கோபம் இருந்தால் விட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். ஏலாது. என் மனைவி கலாவதிக்குப் புற்றுநோய். டொக்டர்மார் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். எங்கள் கூறையும் சென்னையில் எடுத்ததுதான், அரக்கு நிறம், மாங்காய்க் கரை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது கோப்பாய் வீட்டு அலுமாரியோடு போய்விட்டது. இப்போது அவள் கேட்கிறது ஒன்றே ஒன்று. "உங்களுக்கு முந்திப் போறன். கூறையோட அனுப்புங்கோ." ஈஸ்ட் ஹாமில் புதுச்சீலை அடுக்கடுக்காக இருக்கிறது. "அது சீலை. கூறை எண்டால் ஒருத்தி மணவறையில கட்டியிருக்கவேணும்" என்கிறாள். உங்களுடையதைப் படத்தில் கண்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

இரக்கம் கேட்கவில்லை. நியாயமான கூலி சொல்லுங்கள், இன்றே கட்டுகிறேன்.

கோபத்துடனும் அவசரத்துடனும்,
சி. கிருஷ்ணராசா


திருவல்லிக்கேணி, சென்னை
14 செப்டம்பர் 2009

அன்புள்ள திரு. கிருஷ்ணராசா அவர்களுக்கு, நமஸ்காரம்.

திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் எனக்கென்று தமிழில் ஒரு கடிதம் வந்து வருஷக்கணக்காகிறது, திரும்பத் திரும்பப் படித்தேன். சுண்டைக்காய்ப் பழமொழி ரொம்பப் பொருத்தம்.

அந்தக் கூலி நியாயமில்லைதான். யாரும் வாங்கக் கூடாது என்றே அப்படிப் போட்டேன்.

அது என் சம்சாரம் வேதவல்லியின் கூறைப்புடவை. போன டிசம்பரில் நியூ ஜெர்சியில் இருக்கும் பிள்ளையிடம் போனாள். எனக்கு விசா கொடுக்கவில்லை. ஜனவரியில் ஒருநாள் காபி கலந்துகொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள், அவ்வளவுதான். சுமங்கலியாகப் போனவளுக்குக் கூறை சாத்த வேண்டாமா? புடவையைத் தூக்கிக்கொண்டு கூரியர் ஆபீசுக்கு ஓடினேன். அன்றைக்கு அவன் கேட்ட தொகை, உங்கள் பணத்தில் எண்பத்தைந்து பவுண்டு. மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். அங்கே பனி கொட்டி விமானமெல்லாம் நின்றுபோயிற்று. தகனம் ஆன மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. பிள்ளை பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டான்.

ஜூலையில் வந்தபோது அவனேதான், "அப்பா, பீரோவுல சும்மா கெடந்து மக்கறது. ஃபாரின்ல பழைய பட்டுக்கு அலையறா" என்று அத்தனை புடவையையும் படம் எடுத்துப் போட்டான். வீட்டை விற்று என்னை அங்கே அழைத்துக்கொள்ள ஏற்பாடு. நல்ல பையன்தான். அவனிடம் 'வேண்டாம்டா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீக்கிரம் வீடு காலியாகட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பவுண்டு விலை போட்டதும் அவன்தான். பார்சல் கட்டிப் போஸ்ட் ஆபீசுக்குப் போகிறவன் நான் என்பதால் தபால் கூலியை மட்டும் என்னைப் போடச் சொன்னான். என் கையில் இருந்தது அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் இத்தனை நாள் காப்பாற்றிக்கொண்டு வந்தேன்.

இப்போது உங்கள் கடிதம். கொடுக்க மனசில்லை ஐயா. மாட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பத்ரிநாராயணன்


குட்மேய்ஸ்
24 செப்டம்பர் 2009

அன்புள்ள ஐயா,

ஆளைத் தெரியாமல் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். எனக்கு இந்த வாய்தான் எதிரி. ஜெர்மனியில் இருந்த காலத்தில் இதனால்தான் இரண்டு வேலை போனது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கலாவதிக்கு வாசித்துக் காட்டினேன். பனி கொட்டிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிற்பாட்டச் சொன்னாள். பிறகு, "உங்களுக்கென்ன விசரே? அந்த மனுசனிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்டுதான். இனிக் கேளாதேங்கோ" என்றாள். ஆகவே நான் கேட்கவில்லை. நீங்களே வைத்திருங்கள். எண்பத்தைந்தை நூற்றைம்பது ஆக்கிவிடுங்கள், ஒருவனும் கிட்ட வரமாட்டான்.

இந்த வருடம் எங்கள் ஊரே செத்தவீடு ஐயா. வன்னியில் கலாவின் தமையன் குடும்பம் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. "அதுகளுக்கு ஒரு பழந்துணிகூடப் போர்த்த ஆளில்லை. எனக்கு மட்டும் என்ன கூறை வேண்டிக்கிடக்கு?" என்கிறாள். அப்படிச் சொல்லிக் கண்ணை மூடினவள், நான் கோப்பையைக் கழுவிக்கொண்டு வரும்போது கேட்கிறாள்: "மாங்காய்க் கரைதானே அது? ஓமெல்லோ?"

ஓம் என்றேன்.

அன்புடன்,
கிருஷ்ணராசா


திருவல்லிக்கேணி
5 அக்டோபர் 2009

அன்புள்ள கிருஷ்ணராசா,

'இனிக் கேளாதேங்கோ' என்று உங்கள் மனைவி சொன்னார்கள் பாருங்கள், அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. வேதா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள், சொல்லிவிட்டு என்னைப் போஸ்ட் ஆபீசுக்கும் துரத்தியிருப்பாள்.

இன்று காலை அனுப்பிவிட்டேன். தபால் கூலியைப் பூஜ்யமாக்கியிருக்கிறேன். உங்கள் பெண்ணை அந்தப் பக்கத்தில் 'வாங்கு' என்று அழுத்தச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கணக்குக் காட்ட அந்த ஒரு பவுண்டு போதும்.

'ஹாண்ட்லிங்' என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். மடித்த மடிப்பிலேயே கிடந்தால் சரிகை வெட்டிவிடும், அதனால் பிரித்து வேறு மடிப்பாக மடித்தேன். வெள்ளை வேட்டியில் சுற்றி, மூலையில் மஞ்சள் தடவினேன். நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். இதுதான் ஹாண்ட்லிங். இதற்கு நான் காசு வாங்கமாட்டேன். எங்கள் வழக்கப்படி ஒன்பது கஜம், உங்கள் பெண் இரட்டையாக மடித்துக் கொசுவட்டும்.

சுங்கத்துக்கு ஒரு சீட்டு நிரப்பச் சொன்னார்கள். கவுண்டர் பையன், "பழைய துணின்னு போட்டு, மதிப்பு நூறு ரூபான்னு எழுதுங்க சார், அதான் எல்லாரும் செய்யறது" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. 'அசல் தங்கச் சரிகைப் பட்டு, ரூபாய் அறுபதாயிரம்' என்று எழுதினேன். பிள்ளை ஒரு பவுண்டு என்று போட்டதையே இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்திலாவது அவள் கூறைக்கு அதன் மரியாதை இருக்கட்டும்.

இந்தத் தடவை நேரத்துக்குப் போய்ச் சேரும். அங்கே இப்போது பனி இல்லையே?

உங்கள்,
பத்ரிநாராயணன்


குட்மேய்ஸ்
9 நவம்பர் 2009

பத்ரி அண்ணை,

பெட்டி போன வெள்ளிக்கிழமை வந்தது. கலாவை அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எரித்துவிட்டோம்.

பனி ஒன்றும் இல்லை அண்ணை. உங்கள் அறுபதாயிரம்தான். பெட்டி ஒக்டோபர் நடுவிலேயே லண்டனுக்கு வந்துவிட்டது. வாங்கிய விலைக்கு அத்தாட்சி காட்டு என்று சுங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மயூரா அந்த இணையப் பக்கத்தை அச்செடுத்து அனுப்பினாள். அதில் ஒரு பவுண். பெட்டியில் அறுபதாயிரம் ரூபாய். இரண்டு பேரில் ஒருவன் கள்ளன் என்று அவர்களுக்குப் படாதா? விளக்கம் எழுது, பத்து வேலைநாளில் பதில் வரும் என்றார்கள். அழுதேன், கெஞ்சினேன், என் அரைகுறை இங்கிலீசில் கத்தியும் பார்த்தேன். போனில் கதைத்த பெட்டை நல்லவள்தான். "ஐ ஆம் சொறி, சேர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கும் ஏலாது.

கலா படுத்திருந்த ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே, ஓடையில், சுங்கத்துக்கு எடுத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆள் வரும்வரை பாட்டு ஒன்று போட்டிருந்தார்கள். அது போய்க்கொண்டிருக்கும்போதே மயூரா வெளியே வந்து, "அப்பா, போனை வையுங்கோ" என்றாள். கடைசி நேரத்தில் பக்கத்தில் கூறையும் இல்லை, நானும் இல்லை.

அதற்குப் பிறகும் விட மனமில்லை. இன்னும் ரெண்டு நாள் வைத்திருப்போம், வந்துவிடும் என்றேன். ஒருதரம் தள்ளிப் போட்டேன். இரண்டாம் தரம் கேட்டபோது மயூரா, "அப்பா, அம்மாவை அந்தக் குளிருக்குள்ள இனியும் வைச்சிருக்கப் போறீங்களோ?" என்று அழுதாள். ஈஸ்ட் ஹாம் கடையில் சிவப்புச்சீலை எடுத்தோம். கட்டின பிறகு பார்த்தால் விலைச்சீட்டின் நூல் கொய்யக மடிப்பில் தொங்குகிறது. நான்தான் குனிந்து பல்லால் கடித்து எடுத்தேன். அது கூறை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வரியும் அதற்குமேல் 'ஹாண்ட்லிங்' என்று ஒரு தொகையும் கேட்டார்கள். கட்டினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து, உங்களை வாய்விட்டுத் திட்டினேன். கவுண்டர் பையனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையா? நூறு ரூபாய் என்று எழுதக் கை முறிந்தா போகும்?

பிறகு திறந்தேன். மஞ்சள் மணத்தது. அதே அரக்கு, அதே மாங்காய். கையில் எடுத்துப் பார்த்தேன். நான் என்றாலும் நூறு என்று எழுதியிருக்கமாட்டேன் அண்ணை.

இவ்வளவும் எழுதிவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். இது வரும்போது நீங்கள் அந்த வீட்டில் தனியே இருப்பீர்கள். உங்கள் கூறை இரண்டாம் தரமும் பிந்திப்போனது, அதுவும் நீங்கள் எழுதிய ஒரு வரியால் என்று நான் எந்த வாயால் சொல்ல? எனக்கு இந்த வாய்தான் எதிரி. ஒருநாளாவது அதை மூடிவைக்கிறேன். கூறை கலாவின் சீலைகளுக்கு மேலே, அலுமாரியில் இருக்கட்டும். இந்தத் தாளைக் கிழித்துப்போட்டு வேறு எழுதப்போகிறேன்.


குட்மேய்ஸ்
9 நவம்பர் 2009

அன்புள்ள பத்ரி அண்ணைக்கு,

கலாவதி போய்விட்டாள். அதிகம் உத்தரிக்கவில்லை. வீட்டு அலுவல்களில் எழுதப் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம்.

உங்கள் கூறை நேரத்துக்கு வந்தது. மடியில் வைத்துக் கரையைத் தடவிப் பார்த்தாள். மாங்காய்தான் என்றாள். மஞ்சள் மணக்கிறது என்று சிரித்தாள். ஒன்பது கஜத்தையும் நீங்கள் சொன்ன மாதிரியே மயூரா இரட்டையாக மடித்துக் கட்டிவிட்டாள். சரிகை ஒரு இடத்திலும் வெட்டவில்லை. இப்படி ஒரு கூறை எங்கே எடுத்தது என்று வந்த சனம் கேட்டது. இந்தியாவில் என்ரை அண்ணை தந்தது என்றேன். உங்கள் வேதவல்லி அக்காவின் கூறை போகவேண்டிய இடத்துக்கு மரியாதையாகப் போய்விட்டது. இனி நீங்கள் நிம்மதியாகப் பிள்ளையிடம் போங்கள்.

சுங்கத்தில் ஒரு கரைச்சலும் இல்லை. நீங்கள் எழுதிய மதிப்புச் சரி.

இன்று மயூராவைப் பக்கத்தில் இருத்தி அந்த நட்சத்திரங்களைப் போடச் சொன்னேன். நேரத்துக்கு வந்ததா என்று கேட்டிருந்தது. ஐந்து. தபால் கூலி நியாயமா என்று கேட்டிருந்தது. மயூரா என் முகத்தைப் பார்த்தாள். அதற்கும் ஐந்து போடு பிள்ளை என்றேன்.

உங்கள் தம்பி,
கிருஷ்ணராசா