ஜாஸ்பர் அவென்யூ முனையில்

இன்று காலை ஓசூரில் ரயில் பாலத்துக்கு அடியில் நான் வந்த பஸ் நின்றுவிட்டது. தலைக்கு மேலே கூட்ஸ் வண்டி தடதடவென்று போய்க்கொண்டே இருந்தது. சன்னல் கம்பி அதிர்ந்தது. கனடாவில் நீ இருந்த எட்மன்டன் ஊர்ப் பாலத்திலும் இப்படித்தான், மேலே ரயில், கீழே பஸ்.

மத்திகிரியில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்தோமே, அந்த ஒற்றை அறை. ஓசூர் ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் நர்ஸ் வேலை. அறுபத்தேழில் நீ கனடா போனாய். அடுத்த ஆண்டு எனக்கும் அங்கேயே வேலை வந்தது. அதற்குள் அந்த ஊரையே எனக்குக் கடிதங்களில் எழுதி மனப்பாடம் செய்ய வைத்திருந்தாய். ஊரை இரண்டாகப் பிளக்கும் ஆறு. தென்கரையில் பல்கலைக்கழகத்துப் பக்கம் உன் அறை. உயரமான இரும்புப் பாலத்தைக் கடந்தால் கோபுரக் கூரை வைத்த சட்டசபை. அதையும் தாண்டினால் கடைத்தெருவான ஜாஸ்பர் அவென்யூ, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. வடக்கு தெற்காகப் போவது ஸ்ட்ரீட், கிழக்கு மேற்காகப் போவது அவென்யூ. "நம்பர் தெரிஞ்சா போதும்டி, யாரையும் வழி கேக்க வேணாம்" என்பாய்.

விமான நிலையத்தில் நீ இல்லை. உன்னோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கையில் கம்பளிக் கோட்டோடு நின்றிருந்தாள். என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். நீ போய்விட்டாய் என்றாள். டியூட்டிக்கா என்று கேட்டேன். அவள் அந்தக் கோட்டை என் தோளில் போர்த்தினாள். அது உன் கோட்டு.

முந்தின நாள் ஜாஸ்பர் அவென்யூவும் நூற்றொன்பதாவது ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில், பனிக்கட்டி வழுக்கி லாரிக்கு முன்னால் விழுந்திருக்கிறாய். தந்தி கெலமங்கலத்துக்கு, உன் அப்பாவுக்குப் போயிருந்தது. நான் அப்போது வானத்தில் இருந்தேன்.

அவள் காரில் போகும்போது எனக்கு அழுகை வரவில்லை. நீ சொன்ன வரிசையிலேயே எல்லாம் வந்தன. பல்கலைக்கழகம். பாலம். கீழே ஆறு வெள்ளையாக உறைந்து கிடந்தது. சட்டசபைக் கூரை. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த முனை வந்ததும் அவள் வேகத்தைக் குறைத்தாள். தெருவில் ஆட்கள் பை தூக்கிக்கொண்டு சாதாரணமாக நடந்துகொண்டிருந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் உன்னை அந்த ஊரிலேயே அடக்கம் செய்தோம்.

முதல் லீவில் கெலமங்கலம் போனேன். உன் அப்பா கேழ்வரகுக் காட்டில் இருந்தார். எந்த ரோடு, எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாலத்திலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். கடைசியில் கேட்டார்:

"வுழுந்தப்ப பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களாம்மா?"

இருந்தார் என்றேன். ஒரு பஸ் டிரைவர். வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு கேட்டார்:

"அவரு பேரு என்னம்மா?"

திரும்பிப் போனதும் பஸ் டெப்போவில் விசாரித்தேன். அவர் வேலையை விட்டு எங்கோ போய்விட்டிருந்தார். பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை; உன் அப்பாவும் இறந்து போய்விட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் பெயரைச் சொல்லி ஜெபித்த பிறகு, அந்த மனிதருக்காகக் கொஞ்ச நேரம் சும்மா முழங்காலிட்டிருக்கிறேன்.