ரஹீமாவின் மூன்று

தாராபுரம், ஜூலை 1994, செவ்வாய் இரவு

மதரஸாவில் இன்று சின்னப் பிள்ளைகளுக்கு அரபியில் எண்ணக் கற்றுக்கொடுத்தேன். மூன்று வந்ததும் எல்லாரும் "ஸலாஸா" என்று கத்தினார்கள். ஐந்து வயது ரஹீமாவுக்கு மட்டும் 'ஸ' வராது. நாக்கு பல்லுக்கு நடுவில் வந்துவிடும். வகுப்பே சிரித்தது. அவள் அழுதுவிட்டாள்.

கூட்டிப்போக வந்த அவள் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டுலயும் இப்படித்தான் பேசறா. நாளையிலிருந்து அனுப்பலீங்க. புள்ள எத்தனை நாளைக்கு அழுவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரபியில் அந்த எழுத்துக்கு நாக்கு பல்லுக்கு நடுவில்தான் வரவேண்டும். மற்றப் பிள்ளைகளிடம் நான் மன்றாடியும் வராதது, இவளுக்குத் தானாக வருகிறது!

ரஹீமாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் அம்மாவையும் சொல்லச் சொன்னேன். வரவில்லை. ரஹீமா சிரித்துவிட்டாள்.

"நாளைக்கு அனுப்புங்க. அவளே முன்னால நின்னு எண்ணட்டும்."

"பாக்கறேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வராவிட்டால் நானே வீட்டுக்குப் போய்க் கூட்டி வருவேன். எட்டுக்கு அரபியில் "ஸமானியா"; அதிலும் அதே எழுத்துத்தான் வருகிறது.